அபுல் ஹகம் எப்படி அபூஜஹ்ல் ஆனான்?

"முஸ்லிம் சமுதாயம் அறியாமை இருளில் மூழ்கிக் கிடக்கிறது!"

இந்த வாக்கியத்தைக் கேட்காமல் நம்மில் எவரும் வளர்ந்திருக்க முடியாது. நாளேடுகளின் தலையங்கங்களில் படித்திருக்கிறோம். தொலைக்காட்சி விவாதங்களில் கேட்டிருக்கிறோம். நம்மீது இரக்கம் கொண்டு இஃப்தார் விருந்துக்கு வரும் பெரிய மனிதர்கள் இதைச் சொல்லாமல் கஞ்சிக் கோப்பையைக் கீழே வைப்பதில்லை. ஏன், நம் மேடைகளில் நம்மவர்களே இதைத்தான் முழங்குகிறார்கள். நாமும் தலையாட்டிவிட்டு வீடு திரும்புகிறோம்.

தலையாட்டியது போதும். இன்று ஒரு கேள்வியைக் கேட்போம். அறியாமை என்றால் என்ன? விவரம் தெரிந்தவன் என்பதற்கு எதிர்ச்சொல் எது?

இதென்ன பெரிய கேள்வி, விவரம் தெரியாதவன் என்பதுதான் எதிர்ச்சொல் என்று பள்ளிக்கூடப் பிள்ளையும் சொல்லிவிடும். மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். ஆனால் அந்த விடை பாதிதான் சரி. மறுபாதியைத் தெரிந்து கொள்ள மக்கா நகரத்துக்குப் போக வேண்டும்.

ஞானத்தின் தந்தை!

குறைஷிக் குலத்தில் மக்ஸூம் கிளையின் தலைவர்களுள் ஒருவன் அம்ர் இப்னு ஹிஷாம். ஊரார் அவனுக்கு வைத்திருந்த பெயர் அபுல் ஹகம். தீர்ப்புச் சொல்லும் விவேகி, ஞானத்தின் தந்தை என்று பொருள் கொள்ளலாம். வணிகம் தெரியும். வம்சாவளி தெரியும். எந்தக் கோத்திரத்துக்கு எவனோடு பகை, எவனோடு உறவு என்பதெல்லாம் விரல் நுனியில். அன்றைய மக்காவில் அவனைவிட விவரம் தெரிந்தவர்கள் மிகச் சிலரே.

அவனைத்தான் முஸ்லிம்கள் அபூஜஹ்ல், அறியாமையின் தந்தை என்று அழைத்தார்கள்!

ஏன்? அவனுக்குச் செய்தி எட்டவில்லையா? எட்டியது. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பொய் பேசாதவர் என்பது தெரியாதா? ஊருக்கே தெரிந்தது அவனுக்கும் தெரியும். அப்து மனாஃப் குடும்பத்தாரோடு தன் குடும்பத்துக்கு இருந்த குலப்போட்டியே அவனைத் தடுத்தது என்பதை சீராவை எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். தெரிந்தது, ஆனால் ஏற்றுக் கொண்டால் தன் குலத்தின் கௌரவம் போய்விடும். ஆகவே மறுத்தான். ஊரையும் மறுக்க வைத்தான்.

எழுதப் படிக்கத் தெரியாத ஆடு மேய்ப்பவரையோ, அடிமையாக விற்கப்பட்ட கறுப்பரையோ இஸ்லாம் அறியாமையின் தந்தை என்று அழைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அந்தப் பட்டம் போய்ச் சேர்ந்த இடம் ஊரின் மிகப் பெரிய அறிவாளியின் வாசல்!

இரண்டு அறியாமைகள்

மதரஸாவில் தர்க்கவியல் ஓதிய நம் ஆலிம்களைக் கேளுங்கள். அறியாமையை இரண்டாகப் பிரித்துச் சொல்வார்கள். ஒன்று ஜஹ்ல் பஸீத், அதாவது எளிய அறியாமை. ஒரு விஷயம் தெரியாது, தெரியாது என்பது தெரியும். மற்றொன்று ஜஹ்ல் முரக்கப், கூட்டு அறியாமை. விஷயமும் தெரியாது, தெரியாது என்பதும் தெரியாது. தெரியும் என்ற நினைப்பு வேறு! முன்னதற்கு மருந்து ஒரு வார்த்தை. சொன்னால் போதும், தீர்ந்துவிடும். பின்னதற்கு மருந்து கிடையாது, ஏனெனில் நோயாளி தன்னையே வைத்தியராக நினைத்துக் கொண்டிருக்கிறார்.

இது அரபி மொழிக்கு மட்டும் சொந்தமான ஞானமல்ல. நம் தாய்மொழியில் திருவள்ளுவர் இதற்குத் தனித்தனி அதிகாரங்களே வகுத்திருக்கிறார். கல்லாமை 41ஆம் அதிகாரம். பேதைமை 84. புல்லறிவாண்மை 85. கல்லாதவன் வேறு, பேதை வேறு, சிறிதளவே அறிந்து கொண்டு தன்னைப் பேரறிஞனாகக் கருதிக் கொள்பவன் வேறு. மூவரையும் ஒரே தட்டில் வைக்கக்கூடாது என்பதற்காகத்தானே அவர் மூன்று அதிகாரங்கள் எழுதினார்?

இனி நாம் கேட்கிறோம். இந்த நாட்டில் முஸ்லிம்களைப் பற்றிப் பேசுகிறவர்கள், எழுதுகிறவர்கள், தீர்ப்பு வழங்குகிறவர்கள் எந்த அதிகாரத்தில் வருவார்கள்?

ஒரே இரவில் பிறந்த 68 இலட்சம் குழந்தைகள்!

பேச்சு வேண்டாம், கணக்கைப் பார்ப்போம்.

2004 செப்டம்பர் மாதம். 2001ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பின் மதவாரிப் புள்ளிவிவரம் வெளியாகிறது. மறுநாள் நாளேடுகளில் கொட்டை எழுத்துகளில் தலைப்பு. முஸ்லிம் மக்கள் தொகை பத்தாண்டுகளில் 36 சதவீதம் உயர்வு! முந்தைய பத்தாண்டைவிட வேகம் கூடிவிட்டது! இந்துக்களின் வேகமோ குறைந்துவிட்டது! அவ்வளவுதான். சங்பரிவாரத்துக்குத் தீபாவளி முன்கூட்டியே வந்துவிட்டது. நாடு பறிபோகிறது என்று அறிக்கைகள் பறந்தன.

உண்மை என்ன? 1991ஆம் ஆண்டு ஜம்மு காஷ்மீரில் கணக்கெடுப்பே நடக்கவில்லை. அங்கிருந்த சூழ்நிலையில் நடத்த முடியவில்லை. ஆகவே 1991ஆம் ஆண்டின் 10 கோடியே 16 இலட்சம் முஸ்லிம்களில் காஷ்மீர் முஸ்லிம்கள் ஒருவர்கூட இல்லை. 2001இல் அங்கே கணக்கெடுப்பு நடந்தது. அந்த ஆண்டின் 13 கோடியே 82 இலட்சம் முஸ்லிம்களில் அந்த மாநிலத்தவர் ஏறத்தாழ 68 இலட்சம் பேர் சேர்ந்திருந்தார்கள்.

தொடக்கப்பள்ளி மாணவனும் போடக்கூடிய கணக்கு இது. 13 கோடியே 82 இலட்சத்தில் 68 இலட்சத்தைக் கழியுங்கள். 13 கோடியே 14 இலட்சம் வரும். 10 கோடியே 16 இலட்சத்தோடு இதை ஒப்பிட்டால் வளர்ச்சி 36 சதவீதமல்ல, 29 சதவீதத்தைச் சற்றே தாண்டும். 1981இல் அஸ்ஸாமில் கணக்கெடுப்பு நடக்காததையும் சரிசெய்து பார்த்தால் முந்தைய பத்தாண்டின் வளர்ச்சி ஏறத்தாழ 33 சதவீதம். அதாவது வேகம் கூடவில்லை, குறைந்திருக்கிறது!

காஷ்மீரில் தொண்ணூறு வயதுக் கிழவரும் அன்று பத்திரிகைகளின் கணக்கில் பத்தாண்டுக்குள் பிறந்த பச்சைக் குழந்தையாகிவிட்டார். இந்த விவரம் இரகசியமா? இல்லை. சரிசெய்யப்பட்ட எண்ணும் அரசின் ஆவணத்திலேயே இருந்தது. எதிர்ப்புக் கிளம்பிய பிறகு அதிகாரிகளே அதை முன்வைத்து விளக்கமும் தந்தார்கள். ஆனால் விளக்கம் எந்தப் பக்கத்தில் வந்தது? எத்தனை பேர் படித்தார்கள்? 36 என்ற எண் நாட்டின் மூளையில் ஆணி அடித்து உட்கார்ந்துவிட்டது. 29 என்ற எண்ணுக்கு நிற்கவும் இடமில்லை.

இப்போது சொல்லுங்கள். அன்று அந்தத் தலைப்பைப் படித்துவிட்டு அலுவலகத்தில், தேநீர்க் கடையில், இரயில் பெட்டியில் பேசியவர் செய்தி தெரியாதவரா? நாளேடு படிப்பவர். பட்டம் பெற்றவர். புள்ளிவிவரம் வேறு சொல்கிறார்! நாளேடே படிக்காத கூலித் தொழிலாளிக்கு அந்தப் பொய் தெரியாது. படித்தவருக்குத்தான் தெரிந்தது. இதுதான் ஜஹ்ல் முரக்கப். இதுதான் புல்லறிவாண்மை.

ஐவரும் இருபத்தைந்தும்

2002ஆம் ஆண்டு குஜராத்தில் இரத்தம் காய்வதற்குள் தேர்தல் யாத்திரை புறப்பட்டது. அந்த மேடையில் அன்றைய முதலமைச்சரே நிவாரண முகாம்களைக் கேலி செய்தார். நாம் ஐவர், நமக்கு இருபத்தைந்து என்ற முழக்கம் நாடெங்கும் பரவியது. ஒரு கணவன், நான்கு மனைவி, இருபத்தைந்து குழந்தைகள் என்பது அதன் பொருளாம்!

இதற்கும் கணக்கு இருக்கிறது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்திய முஸ்லிம்களில் 1000 ஆண்களுக்கு 951 பெண்கள். ஆளுக்கொரு பெண்ணே கிடைக்காத சமுதாயத்தில் ஆளுக்கு நான்கு மனைவியர் எங்கிருந்து வருவார்கள்? வானத்திலிருந்து இறங்குவார்களா?

1961ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பை ஒட்டி நடந்த ஆய்வின் விவரத்தை, பெண்களின் நிலை குறித்து அரசு அமைத்த குழுவின் 1974ஆம் ஆண்டு அறிக்கை எடுத்துக் காட்டியது. பலதார மணம் பழங்குடியினரிடம் 15.25 சதவீதம், இந்துக்களிடம் 5.8, முஸ்லிம்களிடம் 5.7. அண்மைய தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு (2019-21) தரும் எண் முஸ்லிம்களிடம் 1.9, இந்துக்களிடம் 1.3. நம்முடையது சற்றுக் கூடுதல் என்பதை நாம் மறைக்கவில்லை. மறைக்கவும் தேவையில்லை. நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லாத ஒன்றை நூற்றுக்கு நூறு என்று பாடம் நடத்துகிறார்களே, அதைத்தான் கேட்கிறோம்.

பிள்ளைப்பேறு? ஒரு முஸ்லிம் பெண் சராசரியாகப் பெறும் குழந்தைகள் 1992-93இல் 4.4. அது 2019-21இல் 2.4. இந்துப் பெண்ணுக்கு 3.3 ஆக இருந்தது 1.9 ஆயிற்று. இரு சமுதாயங்களுக்கும் இருந்த இடைவெளி ஒன்றுக்கு மேலிருந்து அரையாகச் சுருங்கிவிட்டது. அதே ஆய்வில் பீகாரின் எண் 3.0, தமிழ்நாட்டின் எண் 1.8. இரண்டுமே இந்துப் பெருமக்கள் பெரும்பான்மையாக வாழும் மாநிலங்கள்தாமே? ஒரே மதத்துக்குள் இவ்வளவு வேறுபாடு ஏன்? பெண்பிள்ளை பள்ளிக்கூடம் போகிறாளா, ஊரில் மருத்துவமனை இருக்கிறதா என்பதுதான் குழந்தைகளின் எண்ணிக்கையை முடிவு செய்கிறதே தவிர, அவள் கோவிலுக்குப் போகிறாளா பள்ளிவாசல் தெருவில் வசிக்கிறாளா என்பதல்ல.

இவையெல்லாம் அரசாங்கத்தின் எண்கள். பாகிஸ்தானிலிருந்து கடத்தி வரப்பட்டவை அல்ல!

அறிந்தும் மறைப்பவர்கள்

எளிய அறியாமை, கூட்டு அறியாமை இரண்டையும் பார்த்தோம். மூன்றாவதாக ஒரு கூட்டம் உண்டு. இவர்களுக்கு எல்லாம் தெரியும். தெரிந்தே மறைப்பார்கள். உண்மையைப் பொய்யோடு கலக்காதீர்கள், அறிந்து கொண்டே மறைக்காதீர்கள் என்ற கருத்தில் திருக்குர்ஆனின் இரண்டாவது அத்தியாயம் எச்சரிப்பது இவர்களைப் போன்றவர்களைத்தான்.

2020 மார்ச் மாத இறுதியை மறக்க முடியுமா? டெல்லி நிஜாமுத்தீன் மர்க்கஸில் தங்கியிருந்த தப்லீக் ஜமாஅத்தினர் சிலருக்குக் கொரோனா தொற்று கண்டறியப்பட்டது. தொற்று நோய்க்கு மதம் ஏது? ஆனால் சில தொலைக்காட்சிகள் அதற்குத் தொப்பி மாட்டித் தாடி வைத்து, ஜிஹாத் என்று பெயரும் சூட்டின. வட மாநிலங்களில் தள்ளுவண்டியில் காய்கறி விற்ற ஏழைகளைப் பெயர் கேட்டு விரட்டினார்கள். நோயிலிருந்து மீண்ட அதே ஜமாஅத்தினர் பிறருக்காகப் பிளாஸ்மா தானம் செய்ய முன்வந்தபோது அந்தக் கேமராக்கள் எந்தப் பக்கம் திரும்பியிருந்தன?

2020 ஆகஸ்ட் 21இல் மும்பை உயர்நீதிமன்றத்தின் அவுரங்காபாத் கிளை, வெளிநாட்டு ஜமாஅத்தினர் மீதான வழக்குகளை ரத்து செய்தது. அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டதாகச் சொல்லி, ஊடகங்கள் செய்த பிரச்சாரத்தையும் கண்டித்தது. அதே ஆண்டு டிசம்பரில் டெல்லி நீதிமன்றம் 36 வெளிநாட்டவரை விடுதலை செய்தது. 2025 ஜூலையில் டெல்லி உயர்நீதிமன்றம், இந்தியர்கள் 70 பேர் மீதான 16 குற்றப்பத்திரிகைகளை ரத்து செய்தது. ஐந்தாண்டுகள் கழித்து!

குற்றம் சாட்டியபோது இருபத்து நான்கு மணி நேரமும் கூவியவர்கள், விடுதலையான செய்தியை எத்தனை நிமிடம் சொன்னார்கள்? அவர்களுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தவர்கள் சொல்லவில்லை. சொல்லாததால் அண்டை வீட்டுக்காரருக்குத் தெரியவில்லை. அபுல் ஹகம் அபூஜஹ்லாக மாறியது இப்படித்தான்.

இனி நம் வீட்டுக்கு வருவோம்

இதுவரை படித்துவிட்டு, நன்றாகக் கொடுத்தீர்கள் என்று மகிழும் சகோதரர்களே, சற்றுப் பொறுங்கள். மீதியையும் படியுங்கள்.

அண்மையில் ஒரு ஜும்ஆ தொழுகை முடிந்து வெளியே வந்தபோது சகோதரர் ஒருவர் தம் கைபேசியை நீட்டினார். வாட்ஸ்அப்பில் வந்த செய்தி. இந்தியாவில் முஸ்லிம்கள் 30 கோடிக்கு மேல், அரசாங்கம் மறைக்கிறது என்று எழுதியிருந்தது.

"இது எங்கேயிருந்து வந்துச்சு பாய்?" என்று கேட்டேன்.

"எல்லாரும் அனுப்புறாங்க பாய். இவ்வளவு பேர் அனுப்புறாங்கன்னா உண்மையாத்தானே இருக்கும்?" என்றார்.

முகத்தில் பெருமிதம். எனக்கோ பகீரென்றது. நாம் பெருகிக் கொண்டே போகிறோம் என்று எதிரி சொல்லும் பொய்யை, நாமே மாலை போட்டு ஊர்வலமாகக் கொண்டு வருகிறோமே! அவன் அச்சமூட்டுவதற்காகக் கூட்டிச் சொல்கிறான். நாம் ஆனந்தத்துக்காகக் கூட்டிச் சொல்கிறோம். இரண்டும் சேர்ந்து ஒரே பொய்யை உறுதிப்படுத்துகின்றன.

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் முஸ்லிம்கள் 17 கோடியே 22 இலட்சம். அது 14.2 சதவீதம். தமிழ்நாட்டில் 42 இலட்சத்து 29 ஆயிரம். அது 5.86 சதவீதம். தமிழ்நாட்டில் நாம் பத்து சதவீதம், பதினைந்து சதவீதம் என்று மேடையில் முழங்கிக் கைதட்டல் வாங்குவோரிடம் கேட்கிறோம். அந்தக் கைதட்டலை எந்தக் கோப்பில் இணைப்பீர்கள்? எந்த ஆணையம் அதைச் சான்றாக ஏற்கும்? மேடையில் பெருக்கிச் சொன்ன எண்ணுக்கு ஒரு மருத்துவ இடம்கூடக் கிடைக்காது. நிரூபிக்கக்கூடிய எண்ணைக் காட்டித்தான் உரிமையைக் கேட்க முடியும்.

திருக்குர்ஆனின் 49ஆவது அத்தியாயம் ஆறாவது வசனத்தை நாம் எத்தனை முறை ஓதியிருப்போம்! நம்பத்தகாதவன் ஒரு செய்தியைக் கொண்டு வந்தால் தீர விசாரியுங்கள், இல்லையேல் அறியாமையினால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு செய்துவிட்டுப் பின்னர் வருந்துவீர்கள் என்பது அதன் கருத்து. இதன் பின்னணியை விரிவுரையாளர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். பனூ முஸ்தலிக் கூட்டத்தாரிடம் ஜகாத் திரட்ட அனுப்பப்பட்டவர் பாதி வழியிலேயே பயந்து திரும்பி, அவர்கள் மறுத்துவிட்டார்கள், என்னைக் கொல்லப் பார்த்தார்கள் என்று சொல்லிவிட்டார். போர் மூளும் நிலை வந்தது. விசாரித்த பிறகே அந்த மக்கள் விசுவாசமாகவே இருந்தார்கள் என்பது தெரிந்தது.

இந்த வசனத்தில் அறியாமை என்ற சொல் யாரைக் குறிக்கிறது என்று பாருங்கள். செய்தி வராதவரை அல்ல. செய்தி வந்து, அதை விசாரிக்காமல் செயல்பட்டவரைத்தான் குறிக்கிறது! மேலும், இது யாரைப் பார்த்துச் சொல்லப்பட்டது? காஃபிர்களைப் பார்த்தா? இல்லை. ஈமான் கொண்டவர்களே என்றுதான் அந்த வசனம் தொடங்குகிறது. கேட்டதையெல்லாம் பரப்புவதே ஒருவன் பொய்யனாவதற்குப் போதுமானது என்ற கருத்தில் நபிமொழியும் உண்டு. இன்று கேட்டதையெல்லாம் பரப்புவதற்கு வாய்கூடத் தேவையில்லை, கட்டைவிரல் போதும்.

தெரிய வேண்டியது தெரியவில்லை!

வதந்தி தெரிகிறது. உரிமை தெரிகிறதா?

நீதிபதி ராஜிந்தர் சச்சார் தலைமையிலான குழு 2006 நவம்பரில் அறிக்கை அளித்தது. பள்ளி செல்லும் வயதுள்ள முஸ்லிம் பிள்ளைகளில் மதரஸாவுக்குப் போகிறவர்கள் நூற்றுக்கு நான்கு பேருக்கு மேல் இல்லை என்று அது காட்டியது. முஸ்லிம் என்றாலே மதரஸா என்று எண்ணிக் கொண்டிருப்பவர்களின் முகத்தில் அறையும் உண்மை அது. சச்சார் அறிக்கையை நிறைவேற்று என்று நாம் சுவரெங்கும் எழுதினோம். எழுதியவர்களில் எத்தனை பேர் அதைப் பிரித்துப் பார்த்தோம்? எத்தனை பள்ளிவாசல் நூலகங்களில் அது இருக்கிறது?

தமிழ்நாட்டில் 2007இல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத உள்ஒதுக்கீடு சட்டமாயிற்று. போராடிப் பெற்ற உரிமை. அதில் இடம்பெறுவோர் யார்? அன்சார், தக்கனி முஸ்லிம், துதேகுலா, லெப்பை (ராவுத்தர், மரைக்காயர் உட்பட), மாப்பிள்ளா, ஷேக், சையத் என்ற ஏழு பிரிவுகள். இன்றும் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போது சாதி என்ற இடத்தில் முஸ்லிம் என்று மட்டும் எழுதிவிட்டு, பன்னிரண்டாம் வகுப்பு முடிந்து கலந்தாய்வுக்குப் போகும் நேரத்தில் சான்றிதழுக்காக வட்டாட்சியர் அலுவலக வாசலில் நிற்கும் பெற்றோர் உண்டு. இது எளிய அறியாமை. ஒரு ஜும்ஆவில் ஐந்து நிமிடம் சொன்னால் தீர்ந்துவிடும். சொன்னோமா? அந்த ஐந்து நிமிடத்தை எதற்குச் செலவிட்டோம்?

"இஸ்லாத்தில் சாதி ஏது?" என்று சில சகோதரர்கள் கேட்பார்கள். உண்மைதான். பிறப்பால் உயர்வு தாழ்வு கற்பிக்கும் சாதிக்கு இஸ்லாத்தில் இடமில்லை. ஆனால் அரசின் பட்டியலில் இருக்கும் பெயர் வேறு, உள்ளத்தில் சுமக்கும் பெருமை வேறு. பெருமையைத் தூக்கி எறியுங்கள். பட்டியலில் உள்ள உரிமையைத் தூக்கி எறியாதீர்கள்.

கதவைத் தட்டும் கணக்கு

2021இல் நடந்திருக்க வேண்டிய மக்கள் தொகைக் கணக்கெடுப்பு கொரோனாவால் தள்ளிப் போயிற்று. 2027 மார்ச் 1ஐக் கணக்கு நாளாக வைத்து அது நடைபெறும் என்று 2025 ஜூனில் அரசிதழில் அறிவிக்கப்பட்டது. இந்த முறை எல்லோரிடமும் சாதியும் கேட்கப்படும் என்று 2025 ஏப்ரல் 30இல் மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது. 1931க்குப் பிறகு அனைத்துச் சாதிகளையும் எண்ணும் மக்கள் தொகைக் கணக்கெடுப்பு இதுதான்.

2004இல் ஒரு மாநிலம் கணக்கில் விடுபட்டிருந்ததைச் சொல்லாமல் விட்டதற்கே நாடு அந்தப் பாடு பட்டது. இந்தக் கணக்கில் நம் பதில்கள் பிழையாகிப் போனால்? ஒரே தெருவில் ஒருவர் லெப்பை என்றும், அடுத்தவர் முஸ்லிம் என்றும், அதற்கடுத்தவர் தெரியாது என்றும் சொன்னால்? உள்ஒதுக்கீட்டை உயர்த்துங்கள் என்று நாளை கேட்கும்போது, உங்கள் எண்ணிக்கை என்ன என்று கேட்பார்களே, எதைக் காட்டுவோம்? வாட்ஸ்அப் செய்தியையா?

ஆகவே ஒவ்வொரு மஹல்லா ஜமாஅத்தையும் நாம் கேட்டுக் கொள்கிறோம்.

முதலாவதாக, கணக்கெடுப்பாளர் வந்தால் என்ன பதில் சொல்வது என்பதை ஜமாஅத் கூட்டத்தில் பேசி முடிவு செய்யுங்கள். சான்றிதழில் உள்ள பிரிவின் பெயரையே ஒரே விதமாகச் சொல்லுங்கள். கல்வி, வேலை, தாய்மொழி எதையும் கூட்டியோ குறைத்தோ சொல்லாதீர்கள். வீட்டில் ஆண்கள் இல்லாத நேரத்தில் பதில் சொல்லப் போவது நம் தாய்மார்கள்தாம். ஆகவே இந்த விளக்கம் பள்ளிவாசலோடு நின்றுவிடாமல் பெண்கள் கூடும் இடங்களுக்கும் போய்ச் சேரட்டும்.

இரண்டாவதாக, பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் மையித்துச் செய்திக்கும் சந்தா பாக்கிப் பட்டியலுக்கும் நடுவே ஓரிடம் ஒதுக்குங்கள். சான்றிதழ், உதவித்தொகை, வாக்காளர் பட்டியல் ஆகியவற்றின் கடைசித் தேதிகள் அங்கே இருக்கட்டும்.

மூன்றாவதாக, பொய்ச் செய்தி வந்தால் தெருவில் கத்துவதோடு நின்றுவிடாதீர்கள். நாளேட்டில் வந்ததென்றால் முதலில் ஆசிரியருக்கு எழுதுங்கள். பதில் இல்லையென்றால் பிரஸ் கவுன்சிலுக்கு எழுதுங்கள். அரசு ஆவணம் வேண்டுமா? 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாள் கெடு. தேநீர்க் கடையில் ஒரு மணி நேரம் புலம்புவதைவிட இது மலிவு.

நான்காவதாக, உங்களுக்கு வரும் செய்தி நமக்குச் சாதகமாக இருந்தாலும் விசாரிக்காமல் அனுப்பாதீர்கள். சாதகமாக இருந்தால் இரண்டு முறை விசாரியுங்கள். மனம் விரும்பும் பொய்தான் எளிதில் ஏமாற்றும்.

அண்டை வீட்டாரை மறக்காதீர்கள்

கடைசியாக ஒன்று. நம்மைப் பற்றித் தவறாக எண்ணிக் கொண்டிருக்கும் இந்துச் சகோதரர்கள் எல்லோரும் அபூஜஹ்ல் அல்லர். மிகப் பெரும்பாலோர் எளிய அறியாமையில் இருப்பவர்களே. அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். பெருநாளைக்குப் பிரியாணி கொடுத்தனுப்பும் நாம், அதோடு சேர்த்து இந்த எண்களையும் ஒரு முறை சொல்லியிருக்கிறோமா? கோபப்படாமல், குரல் உயர்த்தாமல், ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறோமா? தெரிந்தே பொய் பரப்புகிறவனை எதிர்த்து நில்லுங்கள். அவனிடம் ஏமாந்தவரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். இருவரையும் ஒன்றாகப் பார்ப்பதும் ஓர் அறியாமையே.

அபூஜஹ்லின் கதை பத்ருக் களத்தோடு முடிந்தது. ஆனால் அவன் வீட்டின் கதை அங்கே முடியவில்லை. அவன் மகன் இக்ரிமா, மக்கா வெற்றிக்குப் பிறகு இஸ்லாத்தை ஏற்று, (ரலி) என்று நாம் துஆச் செய்யும் நபித்தோழர்களுள் ஒருவரானார். அறியாமையின் தந்தைக்குப் பிறந்த பிள்ளைக்கு உண்மை போய்ச் சேர்ந்தது என்றால், நம் தெருவில், நம் அலுவலகத்தில், நம் பக்கத்து வீட்டில் இருப்பவருக்குப் போய்ச் சேராதா?

சேரும், இன்ஷா அல்லாஹ். முதலில் அது நமக்கு வந்து சேரட்டும்!